ஈ.சி.ஜி. எடுக்கப் போகிறீர்களா? கட்டிலில் ஏறும் முன்பும் இறங்கிய பிறகும்

முதல் தடவை ஈ.சி.ஜி. எடுக்க வருபவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒரே கேள்விதான்: “ஷாக் அடிக்குமா?” கேட்பதில் தப்பில்லை. கை கால்களில் கிளிப் மாட்டி, நெஞ்சில் ஆறு ரப்பர் பல்புகளை ஒட்டி, எல்லா ஒயரையும் ஒரு பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியின் பிளக்கைச் சுவரில் மாட்டினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அடிக்காது. பெட்டி உங்கள் உடம்புக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை. உங்கள் இதயம் தானாகவே உண்டாக்கும் மின்சாரத்தைத் தோலின் மேல் பிடித்துப் பேப்பரில் எழுதுகிறது, அவ்வளவுதான். அந்த மின்சாரமும் ஒரு மில்லிவோல்ட் அளவுதான் வரும். சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரி ஒன்றே 1500 மில்லிவோல்ட்.

நான் டாக்டர் இல்லை. ஈ.சி.ஜி. டெக்னீஷியன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பெட்டியோடுதான் பிழைப்பு. பேப்பரைப் படித்து நோய் சொல்வது டாக்டரின் வேலை. பேப்பர் சரியாக வருவது என் வேலை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே, எடுத்துக்கொள்ள வருபவர் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. அதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது எனக்கும் சொல்ல நேரம் இருப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டி எதைப் பிடிக்கிறது

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசுக்கட்டு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அங்கேதான் தொடங்குகிறது. அங்கே எழும் மின்துடிப்பு இரண்டு மேலறைகளிலும் பரவுகிறது. பேப்பரில் அது ஒரு சின்ன மேடாக விழும். அதற்குப் பெயர் பி அலை. பிறகு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள இன்னொரு கணுவில் அது ஒரு கணம் தாமதிக்கிறது. மேலறை ரத்தம் கீழறைக்கு முழுசாக இறங்க அந்த அவகாசம் தேவை. தாமதம் முடிந்ததும் இடது, வலது என்று இரண்டு கிளைகள் வழியாகக் கீழறைகளுக்கு மின்துடிப்பு பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் பேப்பரில் ஊசி போல உயர்ந்து நிற்கும் க்யூ.ஆர்.எஸ். அதற்குப் பின்னால் வரும் உருண்டையான மேடு டி அலை. அடுத்த துடிப்புக்காகக் கீழறைகள் மறுபடி சார்ஜ் ஆகும் நேரம் அது.

ஏ, பி, சி என்று தொடங்காமல் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று எழுத்து வரிசையின் பின்பாதியிலிருந்து பெயர் வைத்தவர் வில்லம் ஐந்தோவன், நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துப் பேராசிரியர். 1900களின் தொடக்கத்தில் அவர் செய்த கருவியின் எடை சுமார் 270 கிலோ. அதை ஓட்ட ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிறைந்த பாத்திரங்களில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பாத்திரங்களின் வாரிசுதான் இன்று உங்கள் மணிக்கட்டில் நான் மாட்டும் கிளிப். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாகப் போகிறோம்.

எப்போது எழுதிக் கொடுப்பார்கள்

நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு, மயங்கி விழுதல். இந்த நாலில் எது என்று சொல்லிக்கொண்டு போனாலும் முதலில் ஈ.சி.ஜி.தான். நெஞ்சு அழுத்தத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவருக்கு, வந்த பத்து நிமிடத்துக்குள் எடுத்து டாக்டர் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க இருக்கும் விதி. டோக்கன், ஃபைல் எல்லாம் அப்புறம்.

ஆபரேஷனுக்கு முன் ‘ஃபிட்னஸ்’ வாங்கப் போகும்போது கேட்பார்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களுக்கு அவ்வப்போது எடுப்பார்கள். சில மாத்திரைகள் இதயத்தின் மின்னோட்டத்தை இழுத்து நீட்டிவிடும். அவற்றைத் தொடங்கும் முன்பும் பின்பும் எடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் டி அலை கூடாரம் போலக் கூர்மையாக எழுந்து நிற்கும். ரத்தப் பரிசோதனை முடிவு லேபிலிருந்து வருவதற்குள் பேப்பரைப் பார்த்தே டாக்டர் ஊசி போடச் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு தொந்தரவும் இல்லாதவர், வயதும் குறைவு, சர்க்கரையோ கொதிப்போ இல்லை, சும்மா எடுத்துப் பார்த்துவிடலாம் என்று வருவதும் உண்டு. எடுப்பது என் வேலை, எடுத்துவிடுவேன். ஆனால் இப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமாக ஈ.சி.ஜி. எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. காரணம் எளிது. ஒன்றுமில்லாத இடத்தில் பேப்பரில் ஒரு நெளிவு வந்துவிட்டால், அதைத் துரத்திக்கொண்டு அடுத்த டெஸ்ட், அதற்கடுத்த டெஸ்ட், நடுவில் தூக்கம் போய்விடும். பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காக எடுப்பதைவிட, டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னால் எடுப்பது நல்லது.

கிளம்பும் முன்

வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே வரலாம். தினமும் போடும் மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னால் ஒழிய நிறுத்தாதீர்கள். என்னென்ன போடுகிறீர்கள் என்ற சீட்டைக் கையோடு எடுத்து வாருங்கள்.

குளித்துவிட்டு நெஞ்சில் எண்ணெய், பவுடர், தைலம் எதுவும் பூசாமல் வாருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். நெஞ்சுவலி என்று வீட்டில் ஒரு டப்பா தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களின் நெஞ்சில் பல்பு நிற்கவே நிற்காது. ஒன்றை ஒட்டினால் இன்னொன்று வழுக்கிக்கொண்டு விழும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் நிமிடம் முக்கியமாக இருக்கும் ஆளிடம்.

முன்பக்கம் பட்டன் உள்ள சட்டை வசதி. பெண்கள் புடவையோ சல்வாரோ எதுவானாலும் மேல்பாதி, கீழ்பாதி தனித்தனியாக இருந்தால் நல்லது. உள்ளாடை உட்பட மேலுடையை விலக்க வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன், கடைசி நிமிடத்தில் திடுக்கிட வேண்டாம். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்றோ, உங்களோடு வந்தவர் அல்லது ஒரு நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்றோ கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஸ்கிரீன் இழுத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இழுக்கச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் பதற வேண்டாம், கழற்றத் தேவையே இல்லை. கழுத்துச் சங்கிலி பல்பின் மேல் படாமல் தோள்பக்கம் தள்ளிவிட்டால் போதும். கொலுசும் அப்படித்தான், கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டால் சரி.

மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து அப்படியே படுத்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவசரமாக வந்த நோயாளிக்கு இது பொருந்தாது, அவரைத் தூக்கிப் படுக்கவைத்து உடனே எடுப்போம்.

கட்டிலில்

மல்லாந்து படுக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்றால் சொல்லுங்கள், தலைப்பக்கம் உயர்த்தி எடுக்கலாம். பேப்பரில் அதை எழுதிவைப்போம்.

நம் பக்கம் பெரும்பாலும் கிளிப்பின் நிறங்கள் இப்படி: வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. டிராஃபிக் சிக்னல் வரிசை என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். கறுப்பு கணக்கில் சேராது, இரைச்சலைக் குறைக்க மட்டும். மீதி ஆறும் நெஞ்சில். நெஞ்செலும்பின் மேல்முனையிலிருந்து விரலை மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள், ஒரு சின்ன மேடு தட்டும். அதற்கு நேராக இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணிக்கொண்டு இறங்கி நான்காவது இடைவெளியில், நெஞ்செலும்புக்கு வலப்பக்கம் முதல் பல்பு, இடப்பக்கம் இரண்டாவது. நான்காவது பல்பு ஐந்தாவது இடைவெளியில், காறையெலும்பின் நடுவிலிருந்து கோடு போட்டால் வரும் இடத்தில். இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் மூன்று. ஐந்தும் ஆறும் அதே மட்டத்தில் அக்குள் பக்கம் போகும். டெக்னீஷியன் உங்கள் விலாவை விரலால் அழுத்தி எண்ணுகிறார் என்றால் தப்பாக நினைக்காதீர்கள். எண்ணாமல் குத்துமதிப்பாக ஒட்டுகிறவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு விலா மேலே போனாலே அலையின் உருவம் மாறிவிடும்.

ஜெல்லி சில்லென்று இருக்கும். பல்பு கொஞ்சம் இழுக்கும். எடுத்த பிறகு வட்ட வட்டமாகச் சிவந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். நெஞ்சில் அடர்ந்த முடி இருந்தால் ஒட்டும் இடத்தில் மட்டும் மழிக்க வேண்டிவரலாம்.

இனிமேல்தான் உங்கள் வேலை. பத்து விநாடி சும்மா கிடக்க வேண்டும். பேசக் கூடாது, கையை இறுக்கக் கூடாது, கால் விரலை ஆட்டக் கூடாது. மூச்சை அடக்க வேண்டியதில்லை, சாதாரணமாக விடுங்கள். பெட்டிக்கு இதயத் தசையும் ஒன்றுதான், தோள் தசையும் ஒன்றுதான். எது துடித்தாலும் எழுதிவிடும். ஏ.சி. குளிரில் நடுங்குகிறீர்கள் என்றால் கோடு முழுக்கப் புல் முளைத்த மாதிரி வரும். அதில் பி அலை இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. குளிர்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏ.சி.யை நிறுத்திப் போர்வை தருவோம். பக்கத்தில் போன் சார்ஜரில் கிடந்தால் அதையும் தள்ளி வைக்கச் சொல்வோம்.

ஆரம்ப காலத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி டியூட்டி, தூக்கக் கலக்கம், சிவப்பையும் மஞ்சளையும் கை மாற்றி மாட்டிவிட்டேன். பேப்பரில் முதல் லீடு (இதயத்தைப் பார்க்கும் ஒரு கோணம், அடுத்த பகுதியில் சொல்கிறேன்) அப்படியே தலைகீழ். பி அலைகூடக் கவிழ்ந்து கிடந்தது. எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டிய ஏ.வி.ஆர். என்ற லீடு நிமிர்ந்து நின்றது. டியூட்டி டாக்டர் ஒரு நொடி பார்த்துவிட்டு, “இவருக்கு இதயம் வலது பக்கம் இருக்கா, இல்லை நீ கையை மாத்திப் போட்டியா?” என்றார். இதயம் உண்மையிலேயே வலப்பக்கம் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நெஞ்சு லீடுகளும் ஆறு வரையில் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். இந்தப் பேப்பரில் நெஞ்சு லீடுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆகவே தப்பு என்னுடையது. மறுபடி எடுத்தேன், எல்லாம் சரி. அன்றிலிருந்து மாட்டிய பிறகு நிறத்தை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பத்து ஒயர், பன்னிரண்டு லீடு

ஒயர் பத்து, ஆனால் பேப்பரில் பன்னிரண்டு லீடு. எப்படி? லீடு என்பது ஒயர் அல்ல, பார்க்கும் கோணம்.

தேரோட்டம் நினைவிருக்கிறதா? தேர் ஒன்றுதான். கிழக்கு வீதியில் நிற்பவருக்குத் தேர் தன்னை நோக்கி வருகிறது. அதே நேரம் எதிர்முனையில் நிற்பவருக்கு விலகிப் போகிறது. குறுக்குச் சந்தில் நிற்பவருக்குப் பக்கவாட்டில் நகர்கிறது. இதயத்தின் மின்னோட்டமும் அப்படித்தான். எந்த லீடை நோக்கி வருகிறதோ அங்கே கோடு மேலே எழும். எதைவிட்டு விலகுகிறதோ அங்கே கீழே இறங்கும். ஏ.வி.ஆர். எப்போதும் கவிழ்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். அது வலது தோள்பக்கம் நின்று, தேர் போவதை முதுகுப்பக்கமாகப் பார்க்கிறது. ஐந்தோவன் காலத்தில் மூன்று கோணம்தான். 1930களில் நெஞ்சு லீடுகள் சேர்ந்தன, 1942இல் ஏ.வி. லீடுகள் மூன்றும் சேர்ந்து பன்னிரண்டு ஆயின.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம் என்றால், எந்த வீதியில் கோளாறு தெரிகிறதோ அதை வைத்து அடைப்பு எந்தப் பக்கம் என்று டாக்டர் ஊகிக்கலாம். இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். என்ற மூன்று லீடுகளில் மாற்றம் இருந்தால் இதயத்தின் கீழ்ச்சுவர். நெஞ்சு லீடுகளில் ஒன்று முதல் நான்கு வரை என்றால் முன்சுவர்.

பேப்பரைப் பார்க்கும் முறை

முதலில் அலையைப் பார்க்காதீர்கள். பெயர், வயது, தேதி, நேரம் நான்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் வரிசையில் இருப்பது சாதாரணம். நேரம் ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பேப்பர் சின்னச் சின்னக் கட்டமாக இருக்கும். ஒரு சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர். பேப்பர் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆகவே குறுக்கே ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஐந்து சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. உயரத்தில் பத்து சின்னக் கட்டம் ஒரு மில்லிவோல்ட். வரியின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு செவ்வகப் பெட்டி வரைந்திருக்கும். அது பத்து கட்டம் உயரமாக இருந்தால் அளவுகோல் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

துடிப்பை நீங்களே எண்ணலாம். ஒரு ஊசி முனையிலிருந்து அடுத்த ஊசி முனைவரை எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300ஐ அதால் வகுங்கள். நான்கு கட்டம் என்றால் 75. மூன்று என்றால் 100. ஐந்து என்றால் 60. படுத்திருக்கும் வயது வந்தவருக்கு 60 முதல் 100 வரை சாதாரணம் என்பார்கள். நன்றாக ஓடி விளையாடும் பையன்களுக்கு 50 கூட இருக்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஊசிகளுக்கு நடுவே இடைவெளி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அடியில் ஓடும் பத்து விநாடி நீளக் கோட்டில் ஊசிகளை எண்ணி ஆறால் பெருக்குங்கள். அப்படி இடைவெளி தாறுமாறாக இருந்து, பி அலையும் காணாமல் போயிருந்தால் மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்குகிறது என்று பொருள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற பெயர் காதில் விழும். அதற்கு மருந்து உண்டு. கவனிக்காமல் விட்டால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை கொண்டுபோகும்.

பி அலை தொடங்கும் இடத்திலிருந்து ஊசி தொடங்கும் இடம்வரை மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம். ஊசியின் அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள். இதற்கு மேல் நம் கணக்கு வேண்டாம், டாக்டரிடம் கொடுத்துவிடலாம்.

பெட்டி அடித்துத் தரும் இங்கிலீஷ்

இப்போதைய பெட்டிகள் பேப்பரின் மேல்பக்கம் தாமாகவே ஒரு முடிவை அடித்துவிடுகின்றன. என் வேலையில் பாதி, இந்த வரியைப் படித்து மிரண்டவர்களைச் சமாதானப்படுத்துவதுதான்.

போன மாதம் ஒரு அம்மா, பேப்பரை வாங்கிய கையோடு திரும்பி வந்தார். “தம்பி, எனக்கு சைனஸ் எல்லாம் கிடையாதே? தலைக்குக் குளிச்சாக்கூட சளி பிடிக்காது.” பேப்பரில் இருந்தது ‘நார்மல் சைனஸ் ரிதம்’. மூக்கு சைனஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துடிப்பு சைனஸ் கணுவிலிருந்துதான் கிளம்புகிறது, முறையாகக் கிளம்புகிறது என்பதே பொருள். பேப்பரில் வரக்கூடிய நல்ல செய்தி இதைவிட வேறில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

‘அப்நார்மல் ஈ.சி.ஜி.’ என்று தடித்த எழுத்தில் வந்தாலும் உடனே உட்கார்ந்துவிட வேண்டாம். பெட்டிக்கு உங்கள் முகம் தெரியாது, வியர்வை தெரியாது, வலி தெரியாது. அது கட்டத்தை மட்டும் அளக்கும். ‘நான்-ஸ்பெசிஃபிக் எஸ்.டி.-டி சேஞ்சஸ்’, ‘பார்டர்லைன்’, ‘லெஃப்ட் ஆக்ஸிஸ் டீவியேஷன்’ இதெல்லாம் பல நேரம் ஆள் நன்றாக இருக்கும்போதும் வரும். பல்பு ஒரு விலா தள்ளிப்போனாலும் வரும். அதற்குப் பக்கத்திலேயே ‘அன்கன்ஃபர்ம்டு’ என்றும் அடித்திருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அது பெட்டியின் அபிப்பிராயம், அவ்வளவுதான். கூகுளில் தேடிக்கொண்டே ஆட்டோவில் போகாதீர்கள்.

நார்மல் என்று வந்துவிட்டால்

நான் ரொம்பவும் பயப்படுவது ‘அப்நார்மல்’ பேப்பரைப் பார்த்து அல்ல, ‘நார்மல்’ பேப்பரைப் பார்த்து.

இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நான் பிடிப்பது பத்து விநாடி, பன்னிரண்டு பதிமூன்று துடிப்பு. நேற்று ராத்திரி வந்துபோன படபடப்பு இன்று காலை பத்து மணிப் பேப்பரில் இருக்காது. ரத்தக்குழாயில் நல்ல அடைப்பு இருந்தும், படுத்திருக்கும்போது இதயத்துக்குத் தேவையான ரத்தம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவதால் பேப்பர் சுத்தமாக இருப்பவர்கள் உண்டு. மாரடைப்பின் முதல் நிமிடங்களிலும் அப்படி இருக்கலாம்.

ஒரு மளிகைக் கடைக்காரர், ஐம்பது தாண்டியவர், ராத்திரி கடை சாத்திவிட்டு வந்தார். கேஸ் ட்ரபிள் என்று அவரே முடிவு செய்திருந்தார். வழியில் ஒரு சோடா, வீட்டில் ஓமத் தண்ணீர், அதற்கும் கேட்கவில்லை என்றுதான் வந்தார். எடுத்தேன், பேப்பர் சுத்தம். “நான்தான் சொன்னேனே” என்று சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். டியூட்டி டாக்டர் விடவில்லை. அவர் பார்த்தது பேப்பரை அல்ல, நெற்றியில் நிற்காமல் வழிந்த வியர்வையை. “அண்ணே, இருபது நிமிஷம் படுங்க, இன்னொண்ணு எடுத்துப் பாத்துட்டுப் போலாம்” என்றார். முனகிக்கொண்டேதான் படுத்தார். இரண்டாவது பேப்பரில் நெஞ்சு லீடு இரண்டு, மூன்று, நான்கில் ஊசிக்குப் பின்னால் இருக்கும் கோடு, மட்டத்துக்கு இறங்காமல் மேடாகவே நின்றது. எஸ்.டி. எலிவேஷன் என்பார்கள், ரத்தக்குழாய் முழுசாக அடைபட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். இரண்டு பேப்பரிலும் நேரம் எழுதியிருந்தது. அதை வைத்துத்தான் எப்போது தொடங்கியது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கணக்குப் போட்டார்கள். நேரம் முக்கியம் என்று மேலே சொன்னது இதற்காக. ஆள் பிழைத்துக்கொண்டார், கடையும் நடக்கிறது.

ஆகவே வலி இருக்கும்போதே முதல் பேப்பர் நார்மல் என்று வந்தால், “இன்னொரு தடவை எடுக்கணுமா டாக்டர்?” என்று கேளுங்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற பொருளுக்கான பரிசோதனையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அது ஏற மணிக்கணக்காகலாம் என்பதால் அதையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரியான வலி வராமலே போகலாம். தாடையில் வலி, மேல் வயிற்றில் அழுத்தம், இடது கையில் குடைச்சல், காரணமில்லாத வியர்வை, வாந்தி, சட்டென்று வந்த அசதி. இதில் எதுவானாலும் சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் சோடாக் கடைக்குப் போக வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் ஏறி நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பக்கத்தில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம் மட்டும்தான் என்றாலும் அங்கே போங்கள். 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் டோஸாக அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

மற்ற வகைகள், சுருக்கமாக

நடக்கும்போது மட்டும் வலி வருகிறது என்றால் டி.எம்.டி. எழுதுவார்கள். டிரெட்மில்லில் நடந்துகொண்டே ஈ.சி.ஜி. பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது. இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். பிடிமானமான ஷூ, பெண்களுக்குச் சல்வார் வசதி. வலி வந்தால், தலை சுற்றினால் உடனே சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து காட்ட இது பந்தயம் இல்லை. வலி இருக்கும்போதே டி.எம்.டி. எடுக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

படபடப்பு வந்து வந்து போகிறது என்றால் ஹோல்டர். சின்னக் கருவியை நெஞ்சில் ஒட்டி இடுப்பில் மாட்டி அனுப்புவோம். 24 மணி நேரமோ 48 மணி நேரமோ கூடவே இருக்கும். நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் முதலில் செய்தபோது அது முதுகில் சுமக்கும் மூட்டை, 38 கிலோ. இப்போது சட்டைப் பைக்குள் போகிறது. பொதுவாக அதோடு குளிக்க முடியாது, வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு கொடுப்போம்: எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், எப்போது படபடத்தது. அந்தச் சீட்டை வெறுமையாகத் திருப்பித் தருபவர்கள்தான் அதிகம். சீட்டில் ‘மாலை 4.10, மாடி ஏறினேன், படபடப்பு’ என்று ஒரு வரி இருந்தால், டாக்டர் நேராக 4.10க்குப் போய்ப் பார்த்துவிடுவார்.

எக்கோ வேறு. அது ஸ்கேன், இதயத்தின் தசையும் வால்வும் எப்படி அசைகின்றன என்று காட்டும். ஈ.சி.ஜி. ஒயரிங்கைப் பார்க்கிறது, எக்கோ கட்டடத்தைப் பார்க்கிறது.

கைக்கடிகாரத்தில் வரும் ஈ.சி.ஜி. பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கை விரலை அதன் மேல் வைத்தால் ஒரே ஒரு லீடு கிடைக்கும். துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் அது ஒரே வீதியில் நின்று தேர் பார்ப்பது. மாரடைப்பை அது சொல்லாது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று படுத்துவிடக் கூடாது.

பேப்பரை என்ன செய்வது

எடுத்து முடித்து, டாக்டர் பார்த்து, மாத்திரையும் வாங்கியாயிற்று. பேப்பரை என்ன செய்கிறீர்கள்? பலர் மடித்துப் பர்ஸில் வைக்கிறார்கள், சிலர் வண்டி டேங்க் கவரில். அது வெப்பத்தில் எழுத்து பதியும் பேப்பர், பஸ் டிக்கெட் மாதிரி. வெயில் பட்டால், சூட்டில் கிடந்தால், சில பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தாலே கூட வெளுத்துவிடும். அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். போனில் வெளிச்சமான இடத்தில் நேராக வைத்துப் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அப்போது என்ன தொந்தரவு இருந்தது என்று ஜெராக்ஸின் பின்னால் ஒரு வரி எழுதுங்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலேயே அதையும் வையுங்கள்.

சில மாதம் முன்பு ஒரு பெரியவரை மூச்சிரைப்போடு கொண்டுவந்தார்கள். எடுத்தால், இடது கிளையில் மின்னோட்டம் தடைபட்டிருப்பதாக வந்தது; ஊசிகள் எல்லாம் அகலமாக, வளைந்து கிடந்தன. புதிதாக வந்த தடையா, பழையதா என்று பேப்பர் சொல்லாது. புதிது என்றால் வேறு மாதிரி ஓட வேண்டும். டாக்டர் வீட்டாரிடம் கேட்டார், “முன்னாடி எடுத்த ஈ.சி.ஜி. ஏதாவது இருக்கா?” மகன் முழித்தார். பெரியவரின் மனைவி மஞ்சப்பையைத் திறந்து, மடித்த ஒரு தாளை நீட்டினார். ஆறு வருடத்துக்கு முந்தையது. டாக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே அகலம், அதே வளைவு. “பழசுதான்” என்றார்; மூச்சிரைப்புக்கு வேறு காரணம் தேட ஆரம்பித்தார், நுரையீரலில் சளி கட்டியிருந்தது.

அந்த அம்மாவிடம் பிறகு கேட்டேன். அவர் கொடுத்தது ஜெராக்ஸ்தானாம். ஒரிஜினல் எப்போதோ வெள்ளைத் தாளாகிவிட்டதாம்.